பொட்டு மாஸ்டரும் என் மகளின் நடையும்

மன்னார்த் தீவில் பொட்டு மாஸ்டருக்குத் தெரியாத நடை கிடையாது. தெரிந்த முகமும் கிடையாது. மடுத் திருவிழாவில் ஊரே மாதாவைப் பார்த்துக் கும்பிட, இந்த மனுசன் மட்டும் சனத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை சுவாமியாரையே மறித்து, "ஃபாதர், உங்கட இடது முழங்கால் சரியான சோம்பேறி. வலதுதான் எல்லா வேலையும் செய்யுது" என்று சொல்லிவிட்டார்.

ஆள் ஆசுப்பத்திரியில் பிசியோ. நடக்கப் பிந்திய, அடிக்கடி விழுகிற பிள்ளைகளின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கும் ஒட்டுப்பொட்டு ஒட்டி, நடக்கவிட்டு, போனில் படம் பிடிப்பார். பிறகு அதை மெதுவாக ஓடவிட்டு, எந்த மூட்டு எந்த இடத்தில் பிந்துகிறது என்று பார்ப்பார். கலியாணம் கட்டாத மனுசன் வாராவாரம் பொட்டு வாங்கினால் கடைக்காரி சும்மா இருப்பாளா?

"ஐயா, உங்களுக்கு மொத்தம் எத்தினை பெஞ்சாதி?"

"இந்தக் கிழமை பதினாலு பேர்" என்றாராம், சிரிக்காமல்.

என் மகள் ஜெனிற்றாவுக்கு ஆறு வயது. எல்லாமே பிந்தித்தான் செய்தாள்; பத்தடிக்கு ஒருதரம் விழுவாள். முதலாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு இருத்தலாமா, தனி வகுப்புக்கு அனுப்புவதா என்று பள்ளிக்கூட அதிபர் ஆசுப்பத்திரிக் கடிதம் கேட்டார். தனி வகுப்பு இருந்ததோ தீவுக்கு வெளியே. என்ர பிள்ளை கூட்டாளிகளை விட்டுத் தனியப் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசுப்பத்திரிக்கு என்றால் எங்களுக்குக் கோயில் உடுப்புத்தான். வளருகிற பிள்ளையென்று ஓரளவு பெரிதாக வாங்கிய வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக் கூட்டிப்போனேன். மினுங்குகிற நிலத்தில் நாலுதரம் விழுந்தாள். ஐயோ, கடிதம் போச்சே என்று ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

மாஸ்டர் போனைக் கீழே வைத்தார். "தங்கச்சி, இந்தச் சப்பாத்தோட நடந்தா நானும் விழுவன். வீட்டில இவ என்ன செய்வா?"

"தகப்பன்ர தோணி வந்தா ஓடிப்போய் வலையில நண்டு கழட்டுவா."

"அப்ப நாளைக்குக் கரைக்கு வாறன்."

சொன்னபடி வந்தார். வெறுங்காலோடு நின்றவளுக்குப் பொட்டு ஒட்டினார். தோணியைக் கண்டதும் அவள் ஈர மணலில் ஓட, இவர் போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி போட்ட களுசானோடேயே இடுப்பளவு தண்ணீரில் கூடவே ஓடினார்.

"மாஸ்டர், களுசான் நனையுது!" என்று என் அவர் கத்தினார்.

"களுசான் கிடக்கட்டும், பிள்ளை திரும்பிற வடிவைப் பாருங்கோ!"

அன்றும் ஜெனிற்றா விழுந்தாள், ஒரே ஒருதரம். வலையில் கை மெதுவாகத்தான் ஓடியது. ஆனாலும் கடி வாங்காமல் ஒன்பது நண்டு கழற்றிவிட்டாள்.

கடிதத்தில் மாஸ்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. பிந்துகிற மூட்டு, செய்யவேண்டிய பயிற்சி எல்லாம் எழுதி, "பிள்ளை மற்றவர்களோடு படிக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கவும்" என்று முடித்திருந்தார். அதிபர் இரண்டுதரம் வாசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

போன கிழமை விளையாட்டுப் போட்டி. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகும் ஜெனிற்றா ஓடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதிரையில் ஏறி நின்று, "ஓடம்மா, அவசரமில்லை, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் கோட்டைத் தாண்டியபோது மைதானத்தில் கை தட்டாத ஆள் நான் ஒருத்திதான். கண்ணைத் துடைக்கவே எனக்கு இரண்டு கையும் போதவில்லை.