மாப்பிள்ளை நிறுத்தட்டும்

முந்திக்கொள்பவர் என்று ஒரு மனித வகை உண்டு. இவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேராசைக்காரரும் அல்ல. தான் எடுக்காவிட்டால் அடுத்தவர் எடுத்துவிடுவாரே என்ற கவலையில் எடுப்பவர். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த முந்திக்கொள்பவர் பேரீச்சந்தோப்பு வைத்திருக்கிறார். பேரீச்சை வெயிலைத் தாங்கும், அதனால் அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று தோப்பு இல்லாதவர்கள் சொல்வார்கள். கோடையில் காய் பருக்கும்போது ஒரு மரம் குடிப்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மழை எட்டிப்பார்க்காத ஊரில் அவ்வளவும் நிலத்தடியிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் பழம் கனியத் தொடங்கியதும் பாய்ச்சலைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழம் வெடிக்கும், புளிக்கும். இது நம்மவருக்குத் தெரியாதா? விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

சொல்லிக்கொடுத்துவிட்டு நேராகத் தோப்புக்கு வருவார், வேலியோரம் போகும் குழாயில் உள்ளங்கையை வைப்பார். அது பக்கத்துத் தோப்புக்காரரான தங்கை கணவரின் குழாய். மோட்டார் பூமிக்குள் ஆழத்தில் கிடப்பதால் சத்தம் கேட்காது, குழாய்தான் காட்டிக்கொடுக்கும். அதிர்கிறதா? உடனே தன் மோட்டாரைப் போடுவார். அதிரவில்லையா? மாப்பிள்ளை இனிமேல்தான் போடப்போகிறார் என்று அதற்கு முன்பே போடுவார்.

மாப்பிள்ளைக்கும் இரண்டு உள்ளங்கை உண்டு.

இரண்டு தோப்புக்கும் நடுவில், பொதுவேலி முடியும் இடத்தில், ஒரு துண்டு நிலம். அதில் தங்கை, தாய்மரங்களின் அடியிலிருந்து பெயர்த்த கன்றுகளை நட்டிருந்தாள். அவை பிடித்துக்கொண்டால் அவளுக்கென்று ஒரு தோப்பு. கன்றுக்கு ஆழமான வேர் கிடையாது, மேல்மண் காயாமல் இருக்க வேண்டும். அதற்காக அவள் நம்பியிருந்தது ஆழமில்லாத ஒரு பழைய கிணறு. இரண்டு பக்கமும் மோட்டார் ஓட ஓட, அவள் வாளியில் சேறுதான் வந்தது.

அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, உன் மரத்தடியில தண்ணி தேங்கி நிக்குது, என் கன்னு குருத்து காயுது. பழுக்குற மரத்துக்கு இவ்வளவு எதுக்கு?"

"எனக்கா தெரியாது? மாப்பிள்ளை நிறுத்தட்டும், அடுத்த நிமிஷம் நான் நிறுத்துறேன்."

வீட்டில் கணவரைக் கேட்டாள். உங்க அண்ணன் நிறுத்தட்டும் என்றார் அவர். கன்றுகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்றும் சொன்னார். இரக்கமுள்ளவர்.

அன்று மாலை அவள் இரண்டு மோட்டார் கொட்டகைக்கும் போய், இரண்டு பெட்டியிலும் இருந்த ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி வந்து, பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

அண்ணன் சுவிட்சைத் தட்டினார், ஓடவில்லை. பெட்டியைத் திறந்தார், கட்டை இல்லை. திருட்டு என்று ஊரைக் கூட்டுவதற்குமுன், பழக்கதோஷத்தில், மாப்பிள்ளையின் குழாயில் கை வைத்தார். அதிர்வே இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். அங்கே மாப்பிள்ளையும் அப்படியே கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். அடுத்தவனுக்கும் ஓடவில்லை என்று தெரிந்த பிறகு, தனக்கு ஓடாதது இருவருக்கும் ஒரு குறையாகவே படவில்லை. புதுக் கட்டைகூட வாங்கவில்லை.

கிணற்றில் தண்ணீர் மெல்ல ஏறியது. சில கன்றுகள் போய்விட்டன. மற்றவை புதுக் குருத்து விட்டன. அந்த வருடம் இரண்டு தோப்பிலும் பழம் வெடிக்காமல் கனிந்தது. அடுத்த கூட்டத்தில் நம்மவர் எழுந்து, "முதல்ல நிறுத்தினது நான்தான்" என்றார். மாப்பிள்ளையும் எழுந்து அதையே சொன்னார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டப்பா தங்கையிடமே இருக்கிறது.

உங்களிடம் தோப்பு இல்லை, சரி. நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெருவில் யாரோ சொன்ன அன்று குடம், அண்டா, கடைசியில் டீ டம்ளர் வரைக்கும் நிரப்பி வைத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார், அதனால் பிடித்தேன் என்கிறீர்களா? நம்புகிறேன். அவரும் அதைத்தான் சொன்னார்.