டோங்கர் வண்டி பற்றிக் காரவள்ளியின் அபிப்பிராயம்

786

காரவள்ளி,
14.8.2003

அன்பு மகன் அர்ஹானுக்கு அத்தா ஜாபர் உசேன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. புனேயில் உனக்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். கடையில் பிரேக் ஆயிலும் கிளட்ச் வயரும் வழக்கம்போல் போகின்றன, மலைமேல் எழுபது வளைவு இருக்கிறவரை அதற்குக் குறைவில்லை. உன் தங்கை நசீபா பிளஸ் டூ படிக்கிறாள், அதாவது புத்தகம் திறந்திருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஜீப் ஏற இன்னும் அந்த சோப்பு மரப்பெட்டி வேண்டியிருக்கிறது. நீ இருந்தவரை நீ தூக்கி வந்து போட்டாய், இப்போது நான் தூக்குகிறேன்.

நீ ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கடிதமும் பச்சை அட்டை ஆல்பமும் வந்தன. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் கம்பெனியின் டோங்கர் என்கிற சின்ன ஜீப் கார் நான்கு வருஷமாக வடக்கே மட்டும் ஓடுகிறது என்றும், அதன் முகம் முதுகு எல்லாம் மாற்றி நம் பக்கத்து மலைகளுக்கும் விடப்போகிறார்கள் என்றும், புது உருவத்தை வரைந்தது நீதான் என்றும் எழுதியிருந்தாய். பழைய உருவமே போதும், பெயின்ட் மட்டும் மாற்றலாம் என்று அங்கே பெரியவர்கள் பாதிப் பேர் சொல்கிறார்களாம். செப்டம்பர் முதல் தேதி மீட்டிங்கில் மலைக்காரர்களின் அபிப்பிராயத்தை வாசிப்பார்களாம். உன் உருவம் தோற்றால் நீ மறுபடி கதவுக் கைப்பிடி வரையப் போகவேண்டுமாம். மூன்று வருஷம் கைப்பிடி வரைந்தவன் நீ. அதில் கேவலம் ஒன்றுமில்லை, கைப்பிடி இல்லாமல் யாரும் எந்தக் கதவையும் திறக்க முடியாது. ஆனால் அந்த வரி வந்த இடத்தில் உன் கையெழுத்து கோணிப் போயிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதல் இரண்டு படம் பழசு, அடுத்த இரண்டும் புதுசு, எது எதென்று யாரிடமும் சொல்லாமல் எது பிடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள் என்று எழுதியிருந்தாய். அது மட்டும் அத்தாவால் முடியவில்லை. முப்பது வருஷமாக டூப்ளிகேட் சாமானை டூப்ளிகேட் என்று சொல்லித்தான் விற்கிறேன். மறைத்து வைத்துக் கேட்பது பொய்க்குப் பக்கத்து வீடு. அதனால் போன இடத்திலெல்லாம் "இது பழசு, இது புதுசு" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வரைந்தது என் மகன் என்று மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது மறைப்பதில் சேராது.

முதலில் வீட்டில் பிஸ்மி சொல்லி ஆல்பத்தைப் பிரித்தேன். உன் புது வண்டியைப் பற்றி உனக்கே எழுதுவது சரியில்லைதான், ஆனாலும் வரைகிறவன் கிட்டத்தில் உட்கார்ந்து வரைவதால் முழுசாகப் பார்த்திருக்க மாட்டாய் என்று எழுதுகிறேன். புதுசு எல்லாப் பக்கமும் உருண்டையாக, அவித்து உரித்த முட்டை மாதிரி இருக்கிறது. விளக்குகள் மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளின் கண்போல இருக்கின்றன. பழசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வட்ட விளக்கோடு, முதுகில் ஸ்டெப்னிச் சக்கரத்தோடு நிற்கிறது. பார்த்ததும் மாஷா அல்லாஹ் என்று வாயில் வந்துவிட்டது. வந்தது பழசைப் பார்த்து. இதை எழுதக் கை கூசுகிறது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அந்த நிமிர்ந்த வண்டிமேல் விரலை வைத்து, "இதுதான் நம்ம புள்ளை வரைஞ்சது" என்றாள். அது பழசு என்றேன். "இல்லீங்க, இதுதான்" என்றாள். பானெட் எது டிக்கி எது என்று தெரியாத உனக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்டேன். அவள் அடுப்பில் தோசை தீய்கிறது என்று போய்விட்டாள்.

மறுநாள் சுபுஹு தொழுது, பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த கையோடு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே வண்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவன் கிடையாது, அதிலும் வண்டியே இல்லாதவனுக்கு ரொம்ப அதிகம். குப்புசாமி டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் புதுசை வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க பாய், இதுல எது முன்னாடி?" என்றார். காட்டினேன். "சரிங்க. பின்னாடி சக்கரத்தைக் காணோமே, தொத்திட்டு வாரவன் எதைப் புடிப்பான்?" என்றார். மெக்கானிக் பூபதி, "ஸ்டெப்னி வவுத்துக்கு அடியில இருக்குதுங்க. மழையில பஞ்சர்னா சேத்துல மல்லாக்கப் படுத்துத்தான் எடுக்கோணும். இதை வரைஞ்சவன் ஊர்ல மழையே பெய்யாதுங்களா?" என்று கேட்டான். பெய்யும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பிறகு பழசின் பக்கத்தைத் திருப்பினேன். குப்புசாமி எழுந்து நின்றேவிட்டார். "இது வண்டி! இதை வரைஞ்சவன் ஒரு தடவையாச்சும் நம்ம மலை ஏறியிருக்கோணுமுங்க. இத்தனை லட்சணமா இருந்ததை எந்தக் கிறுக்கன் கெடுத்தான்?" என்றார். அந்தக் கிறுக்கனைப் பெற்றவன் நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன்.

உனக்கு ஆள் இல்லாமல் இல்லை. வாசலூர்பட்டிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அருள்மொழி மாதம் தவறாமல் மோட்டார் பத்திரிகை வாங்குகிறவர். அவர் முட்டையைப் பார்த்து, "இதுதாங்க இப்ப உலகம் பூரா. காத்தைக் கிழிச்சிட்டுப் போகும்" என்றார். "எழுபது வளைவுல காத்தைக் கிழிச்சு எங்கீங்க போறது? முன்னால போற லாரிக்குப் பின்னாலதானே போகோணும்" என்றார் குப்புசாமி. இதில் ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. மலைமேல் திண்ணனூர் நாட்டிலும் கேட்டுவிடலாம் என்று நான் குப்புசாமியின் ஜீப்பில் ஏறினேன், வாத்தியாரும் அதே ஜீப்பில் ஏறினார், பூபதி வேலை இல்லாமலேயே ஏறினான். நாற்பத்திரண்டாவது வளைவில் வாத்தியார், "உங்களுக்கெல்லாம் ரசனை கிடையாது" என்று சொல்ல, குப்புசாமி ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்தபடி முழுசாகப் பின்னால் திரும்பி, "ஆருக்கு?" என்று கேட்டார். வண்டி போய் மண்மேட்டில் மெதுவாக முட்டிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை, மட்கார்டு மட்டும் உள்ளே போய்விட்டது. பதினாலு பேரும் இறங்கினோம். வண்டியை இழுப்பார்கள் என்று பார்த்தேன். இல்லை, ஆல்பத்தை வாங்கி நசுங்கின மட்கார்டுக்குப் பக்கத்தில் வைத்து, இப்போது எந்த மாடல்போல இருக்கிறது என்று பார்த்தார்கள். முட்டை மாதிரி இருக்கிறது என்று வாத்தியாரே ஒத்துக்கொண்டார். அரைமணி நேரம் பின்னால் ஒரு லாரியும் இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பஸ் டிரைவர் அர்த்தனாரி திட்டுவதற்காக இறங்கி வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டு, "ஹாரன் எங்க இருக்குது இதுல?" என்று கேட்டபடி கும்பலில் நின்றுகொண்டார்.

திண்ணனூர் நாட்டில் சென்னம்மாள் வீட்டுக் களத்தில் கூட்டம் சேர்ந்தது. சென்னம்மாளுக்கு மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் விளைகிற தோட்டம் உண்டு, வாரம் ஒரு தடவை மூட்டையோடு சந்தைக்கு இறங்குகிறவள். "படத்துல பார்த்து என்னுங்க தெரியும்? ஒக்காந்து பார்த்தாத்தானே தெரியும்" என்றாள். சரியென்று பூபதி படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக அடி போட, பறித்துப் போட்டிருந்த குச்சிக்கிழங்குக் குச்சிகளைத் தரையில் அடுக்கி, களத்தில் இரண்டு வண்டி செய்தார்கள். ஒன்று கட்டமாக, ஒன்று உருண்டையாக. கட்டத்தில் பதிமூன்று பேரும் ஐந்து மூட்டையும் ஒரு பலாப்பழமும் உட்கார்ந்தார்கள். உருண்டையில் மூலைகளே இல்லாததால் ஒன்பது பேருக்குமேல் முடியவில்லை, பலாப்பழம் டிரைவர் மடிக்கு வந்துவிட்டது. நீ ஐந்து பேர் என்று எழுதியிருந்தாய். ஐந்து பேரை வைத்துக்கொண்டு காரவள்ளியில் எந்த ஜீப்பும் கிளம்பாது சாமி. இதற்கிடையில் ஒரு வெள்ளாடு வந்து உன் வண்டியின் பானெட்டில் இலையோடு இருந்த குச்சியைத் தின்ன ஆரம்பித்தது. விரட்டலாம் என்று நான் எழுந்தேன். "தின்னட்டும் உடுங்க பாய், அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் கிடைக்கும்" என்றாள் சென்னம்மாள்.

அங்கேயே ஒரு மனுவும் எழுதினார்கள். எழுதியது வாத்தியார், உருண்டையில் இடமில்லாமல் பத்தாவது ஆளாக வெளியே நின்றபிறகு அவர் வாயும் அடங்கிவிட்டது. "நிமிர்ந்த முகமும் முதுகில் சக்கரமும் உள்ள வண்டியே எங்களுக்கு வேண்டும். உருண்டை வண்டி எங்கள் மலைக்கு வேண்டாம்" என்று எழுதி, முப்பத்தோரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். "பாய், உங்க பையன் அந்தக் கம்பெனியிலதானே கைப்பிடி வரையறான்? அவன்கிட்டக் குடுத்துச் சேர்த்திடுங்க. நம்ம அர்ஹான் கையில குடுத்திருந்தா இப்பிடிக் கெடுத்திருப்பானா?" என்று சொல்லி, குப்புசாமி பேனாவை என் கையில் கொடுத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் பிடித்தது பழசுதான். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு வேறு வழி கிடையாது. முப்பத்திரண்டாவதாக நானும் போட்டுவிட்டேன்.

இறங்கி வரும்போது ஒரு வளைவைக்கூட நான் பார்க்கவில்லை. பெற்ற மகனுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட கை இது என்று கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்டாய், உள்ளதை எழுதிவிட்டேன். நீ மறுபடி கைப்பிடி வரையப் போனாலும் எனக்கு நீ ஒரு பிடி குறைந்தவன் இல்லை. நம் கடையில் கைப்பிடி உடைந்தது என்று வருகிறவர்கள்தான் அதிகம், முகம் பிடிக்கவில்லை என்று இதுவரை ஒருவரும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அம்மாவும் நசீபாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா,
ஜாபர் உசேன்.

பின்குறிப்பு (16.8.2003): நேற்று சுதந்திர தினம், தபால் ஆபீஸ் லீவு. அதனால் இந்தக் கடிதம் வீட்டிலேயே கிடந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. லீவில் இருந்த நசீபா உன் கடிதத்தையும் இதையும் ஆல்பத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தா, இதென்ன ஓதற கிதாபா? வலது பக்கமிருந்து பிரிச்சிருக்கீங்க!" என்று கேட்டாள். வலமிருந்து படிக்கிற அரபியைப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருஷமாக ஓதிக்கொடுக்கிறவன் நான். அட்டையில் எழுத்தே இல்லாத ஒன்று கையில் வந்தால் என் கை அந்தப் பக்கமிருந்துதான் பிரிக்கும். ஆகவே நான் முதல் படம் என்று நினைத்தது கடைசிப் படம். மேலே முட்டை என்று எழுதிய இடத்திலெல்லாம் பழசு என்று படித்துக்கொள். நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது என்று எழுதினேனே, அதுதான் நீ. நான் மாஷா அல்லாஹ் சொன்னதும் உனக்குத்தான். இதை எழுதும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று உடனே ஸ்டாண்டுக்கு ஓடினேன். நிமிர்ந்ததுதான் புதுசு என்றேன். ஆல்பம் ஒவ்வொரு கையாக ஒரு சுற்று வந்தது. பிறகு குப்புசாமி ஆல்பத்தை வாங்கிப் பார்த்து, "அதானே பார்த்தேன், மூஞ்சி ரொம்பத்தான் தூக்கிட்டு நிக்குது" என்றார். பின்னால் சக்கரம் இருந்தால் ரிவர்ஸில் இடிக்கும் என்றான் பூபதி. அந்தப் பழைய உருண்டையில் ஒரு அமைதி இருந்தது என்று அர்த்தனாரி சொல்ல, அருள்மொழி வாத்தியார் மட்டும் இப்போது நிமிர்ந்த கட்சி. நேற்றுச் சாயங்காலம் குப்புசாமி வீட்டுக்கே வந்துவிட்டார். "புதுசுன்னு தெரியாமப் போட்டதுங்க பாய், அந்த மனுவைக் குடுங்க, கையெழுத்தை அடிச்சுத் தாரேன்" என்றார். தபாலில் சேர்த்துவிட்டேனே என்றேன். தபால் ஆபீஸ் லீவு என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மனு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் பொய். உன் கணக்கில் வைத்துக்கொள்.

உன் அம்மாவிடம், எப்படி அன்றைக்கே விரலை வைத்தாய் என்று கேட்டேன். "பானெட்டை யாருங்க பார்த்தா? ஏறுற படியைப் பார்த்தேன். அதுல மட்டும்தான் படி தாழ்வா இருந்துச்சு. நம்ம புள்ளையைத் தவிர அதை யாரு அங்க கொண்டுபோய் வெப்பாங்க?" என்றாள்.

தபால் பெட்டி ஸ்டாண்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது, குப்புசாமி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் இதைச் சேந்தமங்கலத்தில் போடப் புறப்பட்டுவிட்டோம். உன் அம்மாவும் வருகிறாள், தன் கையால்தான் பெட்டியில் போடுவாளாம். அவள் ஜீப் ஏற மரப்பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மீட்டிங்கில் என்ன சொல்வார்களோ சொல்லட்டும், உன் வண்டியைச் சீக்கிரம் இந்தப் பக்கம் அனுப்பு. இந்தப் பெட்டி கனமாக இருக்கிறது.