பாக்டீரின்: பொருளும் பயன்பாடும்

உயிர்களைக் காப்பது மருந்து என்று நம்புகிறவர்கள் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். உயிர்களைக் காப்பது சரியான சொல். இந்தப் பேருண்மையை நிலைநாட்டிய குழுவுக்கு நானே செயலாளர் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சம்பவம் என்னவோ சின்னதுதான். பால்காரம்மாவின் பக்கத்துக் கொட்டகையில் ஒரு கன்று நொண்டியது, மறுநாளே செத்தது. சப்பை நோய். தன்னுடைய மூன்று கன்றுகளுக்கும் ஊசி போடச் சொல்லி அந்த அம்மா ஓடி வந்தார். டாக்டர் உடனே 'சப்பை நோய்த் தடுப்பூசி' என்று சீட்டு எழுதினார். கிடங்குக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு லேபிளைப் படித்தார். பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டினார்.

"இதுல பாக்டீரின்னு போட்டிருக்கு. சீட்டுல தடுப்பூசின்னு இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்யா. பாக்டீரியாவைக் கொன்னு செய்யற தடுப்பூசிக்குப் பேரு பாக்டீரின்."

"நீங்க சொல்றீங்க, சீட்டு சொல்லலியே? போன வருஷம் 'பஞ்சு'ன்னு வந்த சீட்டுக்கு 'உறிஞ்சு பஞ்சு' கொடுத்துட்டு தணிக்கையில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"சரி, பாக்டீரின்னே எழுதித் தரேன்."

"அந்தப் பேரு நம்ம மருந்துப் பட்டியல்லயே இல்லையே!"

இப்படிப் பிறந்ததுதான் 'பாக்டீரின் பொருள் மற்றும் பயன்பாட்டு நிர்ணயக் குழு'. கண்காணிப்பாளர் தலைவர், டாக்டரும் கிடங்குக்காரரும் உறுப்பினர்கள். என் அறையிலேயே கூடினோம். திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் பால்காரம்மா.

முதல் கூட்டத்தில் 'கொல்லப்பட்ட பாக்டீரியா' என்ற தொடரிலேயே தலைவருக்கு உறுத்தல்.

"கொல்லப்பட்டதுன்னு எழுதினா, யார் கொன்னதுன்னு கேள்வி வரும். 'இயற்கை எய்திய'ன்னு போடுவோமா?"

"அதுங்க இயற்கையா சாகல சார். ஃபார்மலின் ஊத்திச் சாகடிக்கிறாங்க" என்றார் டாக்டர்.

"அப்ப 'செயலிழக்கச் செய்யப்பட்ட'ன்னு போடுங்க. யார் மனசும் புண்படாது."

எவ்வளவு நாகரிகம்! குறிப்பேட்டை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தேன். குளிர்பெட்டியின் மாற்றுச் சாவி அதில்தான் கிடக்கும். 'குளிர்பெட்டி' என்று கொட்டை எழுத்தில் அட்டை கட்டியிருக்கும். டாக்டர் அதையே பார்த்தார்.

"என் பொறுப்புல எடுத்துக்கறேன், குடுங்க சார்."

குழு முடிவெடுக்கும் முன் செயலாளர் ஒரு பக்கம் சாயலாமா? இழுப்பறையை மூடினேன்.

இரண்டாம் நாள் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, செவலைக் கன்னு காலைத் தூக்கித் தூக்கி வைக்குது. ஆச்சுங்களா?"

"அர்த்தம் பாதி முடிஞ்சுதும்மா."

மூன்றாம் நாள் பொருள் முழுமையாக நிறைவேறியது. கைதட்டினோம். அன்று செவலை இல்லை. டாக்டர் கைதட்டவில்லை, அவருக்கு மொழிப்பற்று குறைவு. அதன் பிறகு இரண்டு நாள், 'ஊசி' என்பதில் மருந்தும் அடங்குமா என்று கிடங்குக்காரர் கிளப்பிய ஐயத்தில் போயிற்று.

ஆறாம் நாள் ஒரே ஒரு கட்டம் பாக்கி. படிவத்தில் 'பயன்பாடு: எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று' என்று இருந்தது. தலைவர் விட்டத்தைப் பார்த்தார். கிடங்குக்காரர் தலைவரைப் பார்த்தார்.

"வெளியில உட்கார்ந்திருக்காங்களே, அவங்களைக் கேளுங்க" என்றார் டாக்டர்.

பால்காரம்மா உள்ளே வந்தார். கையில் மூன்று கயிறுகள் இருந்தன. கூட்டத்துக்குக் கயிறு எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் பேனா மூடியைத் திறந்தேன்.

"அந்தப் பேரை வச்சு ஒரு வாக்கியம் சொல்லும்மா" என்றார் தலைவர்.

அந்த அம்மா என் இழுப்பறையைப் பார்த்தார். ஆறு நாளாக அந்த பெஞ்சிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எழுதிக்குங்க. பாக்டீரின் பெட்டியில இருந்துச்சு, சாவி இந்த ஐயா மேசையில இருந்துச்சு, என் மூணு கன்னும் செத்துப்போச்சு."

சொன்னபடியே எழுதினேன். திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டார். வாக்கியம் ஒருமனதாக நிறைவேறியது. உண்மை நகல் என்று சான்றளித்து, அதன் கீழே நான் கையெழுத்திட்டேன்.