லேபல் இல்லாத கோப்பிப் போத்தல்

எங்கள் ஆட்களால் ஒரு நல்ல போத்தலை எறிய முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நோயாகச் சொல்கிறேன். லண்டன் நோர்பரியில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் ஜாம் போத்தலில் சீரகம் இருக்கும், தேன் போத்தலில் மஞ்சள் இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து மீன்குழம்பைக் கண்டு அழாத பிள்ளை எங்கள் சொந்தத்தில் இல்லை. இந்த நோய் முற்றினால் ஆள் எங்கே போய் நிற்க வேண்டிவரும் என்பதை நான் விம்பிள்டன் ஸ்டேஷனில் கண்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான். (வரவில்லை.)

கதை அக்கியில் தொடங்கியது. என் இடது விலாவில் போட்ட அக்கி மூன்று கிழமையில் காய்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. சேலைத் தலைப்பு பட்டாலே எரியும். டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. பல்வலியோடு வருகிறவர்களைவிட நான் மோசமாக முகத்தைச் சுளித்ததால் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் ஏழு மாதமானது. ஜிபி, எங்கள் குடும்ப வைத்தியர், தந்த குளிசைகளில் ஒன்று தலையைச் சுற்ற வைத்தது, மற்றது பூசை நடுவில் குறட்டை விட வைத்தது. கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கின் நிபுணர் என் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு, கஞ்சாவை மருந்தாக எழுதித் தந்தார்.

ஓம், கஞ்சாதான். இந்த நாட்டில் நிபுணர் எழுதித் தந்தால் அது மருந்து, இல்லாவிட்டால் குற்றம். காய்ந்த பூவாகக் கூரியரில் வரும். சின்னக் கருவி ஒன்றில் வைத்துச் சூடாக்கி ஆவியை இழுக்க வேண்டும். முதல் நாள் எடுத்துவிட்டுப் படுத்தவள் விடியத்தான் எழும்பினேன். எழும்பி இருந்து அழுதேன். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் முழு நித்திரை அது.

என் கணவர் மாதா கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவருக்கு என் நித்திரை சந்தோஷம், மருந்தின் பெயர் துக்கம்.

"ஆருக்கும் மூச்சு விட்டிடாதை. எங்கட சனத்துக்குத் தெரிஞ்சால் மருந்து எண்டதை விட்டிட்டு மற்றதை மட்டும் கொண்டு திரிவினம்."

கிளினிக் எனக்கு என் படம் போட்ட பிளாஸ்டிக் கார்ட் ஒன்றும் அனுப்பியிருந்தது. அதை என்னவோ ஜனாதிபதி கையெழுத்து வைத்த பத்திரம் என்று நினைத்துப் பணப்பையில் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். என் கணக்கில் கார்ட் இருந்தால் எல்லாம் இருந்த மாதிரி.

மருந்து வந்த டப்பாதான் பிரச்சினை. வெள்ளை நிறம், கெட்டியான மூடி, உள்ளிருக்கும் மணம் ஒரு துளிகூட வெளியே வராது. இப்படி ஒரு மூடிக்காகத்தான் நான் இருபது வருடமாகக் காத்திருந்தேன். ஆனால் வெளியே என் முழுப்பெயர், பிறந்த தேதி, மருந்தின் பெயர் எல்லாம் அச்சடித்த லேபல். வருகிறவர் போகிறவர் எல்லாம் அலுமாரியைத் திறக்கிற வீட்டில் அதை வைக்க முடியுமா? மருந்தைப் பழைய கோப்பிப் போத்தல் ஒன்றில் கொட்டி ஒளித்துவைத்தேன். டப்பாவைக் கழுவிக் காயவைத்து, வறுத்து இடித்த கறித்தூளை நிரப்பி, உரிக்க வராத லேபலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். அன்றைக்கு என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வருடம் மே மாதம் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து வசந்தி மச்சாள் வந்தார். என் கணவரின் அக்கா. வந்த இரண்டாம் நாளே கறி வைக்கிறேன் என்று அலுமாரியைத் திறந்து, டப்பாவைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு வாசித்தார். நான் சிங்க்கில் கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன்.

"அட, இதுவோ," என்றார், வெந்தயத்தைக் கண்ட மாதிரி. "எங்கட பக்கம் பலசரக்குக் கடைக்குப் பக்கத்திலயே இதுக்கும் கடை. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அப்பிடியே அதுக்குள்ளயும் ஏறி இறங்குவன். முழங்கால் வலிக்கு எண்ணெய், நித்திரைக்கு ஜெலி."

"மச்சாள், இஞ்ச கடையில ஏலாது. டொக்டர் எழுதோணும். கார்ட் வச்சிருக்கிறன்."

"கார்டோ? அங்க வயசு காட்டினால் காணும். என்ர தலைமயிரைப் பாத்திட்டு அதையும் கேட்கிறேல்லை."

பிறகு குரலைத் தாழ்த்தி, ஜெலியை விமானத்தில் கொண்டுவர ஏலாது என்று மகன் வெருட்டியதால் விட்டுவிட்டு வந்ததையும், நேரம் மாறி நித்திரையே இல்லை என்பதையும் சொன்னார். "உன்னுடையதில துளி தா."

எங்கள் குடும்பங்களில் மருந்து என்பது பொதுச்சொத்து. ஒருவருக்குக் கேட்ட குளிசையை ஒன்பது பேர் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது குற்றம், மருந்தும் நின்றுபோகும். மீண்டும் அந்த ஏழு மாதமா? நான் ஏலாது என்றேன். மச்சாள் முகம் விழுந்துவிட்டது. அடுத்தடுத்த நாள்களில் என்னோடு உப்பு இருக்கா, புளி இருக்கா என்ற அளவில்தான் கதைத்தார்.

அந்தச் சனிக்கிழமை விம்பிள்டனில் என் கணவரின் சொந்தக்காரி பெர்னடெற்றின் மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற சடங்கு. இவர் பாட்டுக்காக முதலே போய்விட்டார். நானும் மச்சாளும் பட்டுச்சேலையோடு, ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு புறப்பட்டோம். நாள் முழுக்க வெளியில் என்பதால் கோப்பிப் போத்தலையும் கருவியையும் கைப்பைக்குள் வைத்தேன். பெர்னடெற்றுக்கு என் கறித்தூள் என்றால் உயிர். மச்சாள் அந்த வெள்ளை டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டார்.

"மச்சாள், அதில லேபல் கிடக்கு."

"அங்க போய்க் கொட்டிக் குடுத்திட்டு டப்பாவைத் திருப்பிக் கொண்டருவம். இந்த மூடியை ஆர் விடுவினம்?"

மூடி என்றதும் எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

கிராய்டனில் டிராம் எடுத்து விம்பிள்டனில் இறங்கி வாசலை நோக்கி நடந்தோம். அங்கே இரண்டு பொலிஸ்காரர், ஒரு கறுப்பு நாய். நாய் வந்து என் சேலையை மணந்தது. பிறகு என் முன்னால் அடக்கமாக உட்கார்ந்தது. அது எவ்வளவு மரியாதையான நாய் என்று நினைத்தேன். அப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ரோல்ஸ் மணக்குது போல," என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பெட்டியைத் திறந்தும் காட்டினேன். நாய் ரோல்ஸைப் பார்க்கவேயில்லை.

இளம் பொலிஸ்காரர் ஓரமாக வரச் சொல்லி, பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. அந்தோனியாரை விலக்கிக் கார்டை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுப் பணிவாகத் திருப்பித் தந்தார்.

"நல்லது. ஆனால் கார்ட் மட்டும் போதாது. மருந்து வந்த டப்பாவையும் அதில் உங்கள் பெயர் போட்ட லேபலையும் நான் பார்க்க வேண்டும்."

நான் கோப்பிப் போத்தலை எடுத்தேன். அதில் கோப்பிக் கொம்பனியின் பெயர்கூட இல்லை. நான்தான் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டியிருந்தேனே. விலா எரியத் தொடங்கியது. இவர் இதை எடுத்துக்கொண்டு போனால் இன்றைக்கு வலி, நாளைக்கு வலி, கிளினிக்குக்குத் தெரிந்தால் என்றைக்கும் வலி. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. பொலிஸ் வெட்கமெல்லாம் பிறகுதான்.

அப்போது மச்சாள், நாலு நாள் கோபத்தையும் மறந்து, உதவிக்கு வந்தார்.

"லேபல் தானே? இந்தா, இருக்கு," என்று டப்பாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

பொலிஸ்காரர் என் பெயரையும் பிறந்த தேதியையும் கார்டோடு ஒப்பிட்டார். முகத்தில் நிம்மதி வந்தது. மூடியைத் திறந்து, குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தார். வறுத்த மிளகாய், மல்லி, மிளகு. பாவம், ஆறு தரம் தும்மினார். நாய் எழும்பிப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அதே நேரம் அடுத்த டிராமில் எங்கள் சனம் வந்திறங்கியது. பட்டுச்சேலையும் கோட்டுமாக, கண்ணீர் வழியத் தும்மும் பொலிஸ்காரரையும் என்னையும் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவரும் நின்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்காமல் போனால் அது நல்ல சகுனமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, கஞ்சா டப்பாவில் கறித்தூள் இருக்கிறது. கோப்பிப் போத்தலில் கஞ்சா இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்."

மூடியின் அருமையை விளங்கப்படுத்தினேன். ஆங்கிலத்தில் அது எடுபடவில்லை. மருந்துச்சீட்டின் பிரதி இருக்கிறதா என்றார். இருக்கிறது, கணவரின் ஈமெயிலில். (என் வங்கி, என் கவுன்சில் வரி, என் கஞ்சா எல்லாம் அவர் ஈமெயிலில்தான்.) அவரோ பூசையில் பாடிக்கொண்டிருந்தார். ஏழு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் பொலிஸ்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்த மருந்தை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?

நான் வாயைத் திறக்க முதல் மச்சாளுக்குப் பொங்கிவிட்டது.

"இவளோ? இவள் குடுப்பாளோ?" என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவினார். "நான் இவளின்ர புருஷன்ர சொந்த அக்கா. ரொறன்ரோவில கடையில காசு குடுத்துச் சட்டப்படி வாங்குறனான். இஞ்ச வந்த நாளில இருந்து நித்திரை இல்லை. துளி தா எண்டு வாய்விட்டுக் கேட்டன். சட்டம் எண்டு சொல்லிப்போட்டாள். விருந்தாளிக்கு இப்பிடி ஆர் செய்வினம், நீங்களே சொல்லுங்கோ."

பொலிஸ்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். "அப்படியென்றால் கொடுக்கவில்லை."

"துளியும் இல்லை," என்றார் மச்சாள் கசப்போடு.

நாலு நாளாக அவர் மனதில் வைத்திருந்த குறை அங்கே எனக்குச் சாட்சியாக மாறியது. அந்த நிமிடம் மச்சாளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

பூசை முடிந்து இவர் எடுத்தார். "ஏனப்பா ஏழு தரம்? ஆருக்கும் ஏதுமோ?" விஷயத்தைச் சொன்னதும், "பொலிஸோடயோ? சேலையோடயோ?" என்றார். இரண்டு நிமிடத்தில் சீட்டு என் போனுக்கு வந்தது. பொலிஸ்காரர் பெயர், தேதி, அளவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மருந்தைத் தன் கண் முன்னாலேயே அதன் டப்பாவில் திருப்பிப் போடச் சொன்னார். கறித்தூளை எங்கே கொட்டுவது என்று நான் முழிக்க, அவரே ஒரு பை தந்தார். பொலிஸார் தடயங்களைப் போட்டு ஒட்டுகிற கண்ணாடிப் பை. பெர்னடெற்றுக்கு என் கறித்தூள் அதில்தான் போய்ச் சேர்ந்தது. நாங்கள் போன நேரம் கேக்கும் வெட்டி முடிந்திருந்தது, கதையும் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

டப்பாவை டிஷ்யூவால் துடைத்துத்தான் மருந்தைப் போட்டேன். ஆனால் மிளகாய் டிஷ்யூவுக்கு அடங்குகிற சாமான் இல்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கருவியைச் சூடாக்கி ஒரு இழுப்பு இழுத்தேன். நானும் இருமி, முன்னறையில் இருந்த இவரும் இருமி, மச்சாள் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அடுத்த முறை கிளினிக்கில் பக்கவிளைவுகள் உண்டா என்று கேட்டபோது, உண்மையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இல்லை என்றேன்.

மருந்து நிற்கவில்லை. நான் மீண்டும் வேலைக்குப் போகிறேன், இரவில் நித்திரை கொள்கிறேன். டப்பா காலியானால் எறிகிறேன், நெஞ்சு வலிக்க வலிக்க. இவர் சமையலறையில் உள்ள எல்லாப் போத்தலுக்கும் லேபல் அடித்து ஒட்டிவிட்டார். உப்பில்கூட என் முழுப்பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறது.

போன டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மச்சாள் மறுபடி வந்தார். வீடு முழுக்கச் சனம். தலையிடி என்று பனடோல் கேட்டார். நான் ஓடிப்போய்ப் பெட்டியோடு எடுத்து நீட்டினேன். மச்சாள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்தார்.

"துளியும் தரமாட்டாள் எண்டு பொலிசுக்குச் சொன்னனான். இப்ப இதை வாங்கினால் என்ர சாட்சி பொய்யாப் போகும்."

கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடம் வாங்கித்தான் போட்டார்.