புத்திராஜா குளிசையும் குரக்கன் மாவும்

நமுனுகுல மலையின் பதுளைப் பக்கத்துச் சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் விறகுக்குப் போகவில்லை. துணி துவைக்கவில்லை. தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் சண்டைகூடப் பிடிக்கவில்லை. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுவதும் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது. அறிவை இலவசமாகக் கொடுத்தபோது காலியாகக் கிடந்த மண்டபம் அது. பெற்றார் கூட்டம் என்று அழைத்தால் தலைமையாசிரியரான அதிபரும் இரண்டு நாய்களும் வருவார்கள். அறிவைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள் என்று வேனில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னதும், ஜன்னல் கம்பியிலும் ஆள் தொங்கியது.

மேடை நடுவில் மேதாவி டாக்டர் புத்திநாதன். உடம்பில் கோட்டு, நெற்றியில் பட்டை. விஞ்ஞானம் வேண்டியவர் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம், சாமி வேண்டியவர் பட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கே படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையா?

"தாய்மார்களே! நோயாளி மட்டும்தான் மருந்து குடிப்பான் என்று நினைக்கிறீர்களா? வெளிநாட்டிலே நல்ல சுகமாய் இருக்கிறவனும் குடிக்கிறான்! இன்னும் நல்லா இருப்பதற்குக் குடிக்கிறான்! அங்கே பல்கலைக்கழகக் கெம்பஸ் பிள்ளைகள் மூளை மாத்திரை போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் ரொட்டியும் சம்பலுமா?"

இதில் ஒரு சொட்டு உண்மை இருந்தது. பால் தயிராவதற்கு உறைமோர் போல, பொய் உறைவதற்கும் ஒரு சொட்டு உண்மை வேண்டும்.

அவர் கையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கப்சூல். பெயர் புத்திராஜா குளிசை. ஜெர்மனியில் செய்து, சரஸ்வதி பாதத்தில் வைத்துப் பூசை போட்டது. கிழக்கே பார்த்து விழுங்க வேண்டும். விழுங்கினால் பாடத்தை ஒரு தடவை பார்த்தாலே போதும். மருந்து மூளையில் ஏறும்வரை நித்திரை ஆகாது. பத்தியம் ஒன்றே ஒன்று: தேத்தண்ணி வாயில் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. சந்தேகப்பட்டால் மருந்து வேலை செய்யாது. நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் இந்த விதி தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

"அத்தாட்சி வேண்டுமா? வா, ஞாபகச் சிங்கம் நாகேந்திரம்!"

வழுக்கையும் தொப்பையுமாக ஒரு நடுத்தர வயதுச் சிங்கம் வந்து கதிரையில் உட்கார்ந்தது. தலைமை வகித்த சிவஞானம் தன் கையால் ஒரு கப்சூலை எடுத்து அதன் வாயில் போட்டார். சிவஞானம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். மாலை விழும் இடத்தில் அவர் கழுத்து முன்கூட்டியே நிற்கும்.

சிங்கம் கண்ணை மூடியது. சனம் கத்தத் தொடங்கியது.

"குத்துவிளக்கு!"

"கவ்வாத்துக் கத்தி!"

"சினை ஆடு!"

"எங்க மாமியா!"

ஒவ்வொன்றுக்கும் சிங்கம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தது. மந்திரம் என்று முன்வரிசை முடிவு செய்தது. இருபது பொருள் ஆனதும் சிங்கம் கண்ணைத் திறந்து, குத்துவிளக்கில் தொடங்கி வரிசை பிசகாமல் ஒப்பித்தது. பிறகு கடைசியிலிருந்து தலைகீழாகவும் ஒப்பித்தது. மாமியார்கூடத் தன் இடத்தில் சரியாக இருந்தார். கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. முதல் போத்தலைத் தலைவர் வாங்கினார். அதற்காக அவர் மனைவி பெரியாயியின் தோடு பதுளையில் அடகுக்குப் போனது.

சிவஞானத்தைப் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டில் முதல் தடவையாக ஒருத்தி சாதாரண தரம் என்ற அரசாங்கப் பரீட்சை எழுதப் போகிறாள். மகள் நிஷாந்தினி கணிதத்தில் தேறினால் மேலே படிப்பாள். தவறினால் கொழும்பில் யார் வீட்டிலாவது சட்டி கழுவுவாள். லயத்தில் அதற்கு ஆள் பிடிக்கும் தரகர் ஏற்கனவே இரண்டு தடவை வந்து, "புள்ள நல்லா வளந்திருச்சே" என்று நலம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

ஆகவே நிஷாந்தினி கிழக்கே பார்த்து விழுங்கினாள். ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதால் அப்பா புத்தகத்தை ஒரு தடவைக்கு மேல் புரட்ட விடவில்லை. நித்திரை ஆகாது என்பதால் அவள் தலை சாயும்போதெல்லாம் "புள்ள, மருந்து எறங்கிடும், எந்திரி!" என்று தட்டி எழுப்பினார். லயம் முழுக்க இதே கதை. தேயிலை வளர்க்கிற தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்க ஆளில்லை.

முன்னோடிப் பரீட்சை வந்தது. கணிதத்தில் நிஷாந்தினி போன தவணை எடுத்ததில் பாதிகூட எடுக்கவில்லை. சிவஞானம் விரலை மடக்கி விரித்து, ஒரு தலைவருக்கு உரிய தெளிவோடு முடிவுக்கு வந்தார்: மருந்து பத்தவில்லை.

அன்று பின்னேரம் லரீபா டீச்சர் லயத்துக்கு வந்தார். பதுளையிலிருந்து பஸ்ஸேறி வந்து கணிதம் படிப்பிக்கிறவர். நிஷாந்தினி கண்ணுக்குக் கீழே கரியோடு ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

"தலைவர், நல்லா இருக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு மருந்து?"

"நல்லா இருக்கற செடிக்குத்தானே டீச்சர் ஒரம் போடுறோம்? பட்டுப்போன செடிக்கா போடுவாங்க?"

சிவஞானத்துக்குத் தன் பதிலே பிடித்துப்போயிற்று. அடுத்த மேதினக் கூட்டத்துக்கு அதை ஒதுக்கி வைத்தார்.

"நல்ல கேள்விதான். வெளிநாட்டுல படிச்ச ஆக்களே இதைப் பத்தித்தான் சண்டை பிடிக்கிறாங்க" என்றார் லரீபா டீச்சர். "சுகமில்லாதவனுக்கு உண்டான மருந்தை சுகமா இருக்கிறவன் போடலாமா, போட்டுட்டுப் பரீட்சை எழுதினா மத்தப் புள்ளைகளுக்கு நியாயமா, நாளைக்கு நெஞ்சுக்கு என்ன ஆகும் எண்டு. இன்னும் முடிவில்ல. ஆனா அங்க மருந்துக்குள்ள மருந்து இருக்கு தலைவர். இதுக்குள்ள என்ன இருக்கு? உர மூட்டையிலயாவது என்ன உரம்னு எழுதியிருக்கும்தானே?"

"ஜெர்மன்காரன் ரகசியத்த எழுதி ஒட்டுவானா?"

டீச்சர் ஒரு கப்சூலை இழுத்துத் திறந்தார். காகிதத்தில் கறுப்பாகத் தூள் கொட்டியது.

"பாத்தீங்களா, இமயமலை மூலிகை!" என்றார் சிவஞானம்.

"இப்பதானே ஜெர்மனி எண்டீங்க?"

"ஜெர்மன்காரன் இமயமலையில வாங்கியிருப்பான்."

சுவரில் சாய்ந்திருந்த நிஷாந்தினி மெல்லச் சொன்னாள்: "கொட்டாதீங்க டீச்சர். அது போடாட்டி எனக்கு ஒண்ணுமே வராது. நான் மக்கு."

போன தவணை வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை சொன்ன வார்த்தை இது. சிவஞானம் கூரையைப் பார்த்தார். டீச்சர் பெரியாயியிடம் ரொட்டி சுடும் குரக்கன் மாவு, அதாவது கேழ்வரகு மாவு, கொஞ்சம் கேட்டு வாங்கி, வெறும் கூட்டுக்குள் அடைத்து மூடினார். பார்வைக்கு அதே புத்திராஜாதான்.

"வாற ஞாயிறு டாக்டர் திரும்ப வாறார். சிங்கத்துக்கு நீங்கதானே எடுத்துக் குடுக்கிறீங்க? இதைக் குடுங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"மேடையில நானா? எம் பேரு என்னாகும்?"

"மருந்துதான் வேலை செய்யுதுன்னா மாவுக்குச் சிங்கம் ஒண்ணும் ஞாபகம் வராம முழிக்கணும். முழிச்சா நான் இனி இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"முழிக்கும் டீச்சர். நல்லாவே முழிக்கும்!"

"முழிக்காட்டி?"

"அந்தப் பேச்சே இல்ல" என்று சொல்லி, கப்சூலை சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே இதயம் இருக்கிற பக்கத்துப் பை.

ஞாயிறு வந்தது. இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்துச் சனமும் வந்திருந்தது. பரீட்சை நெருங்கிவிட்டதால் டாக்டர் புதுச் சரக்கு கொண்டுவந்திருந்தார்: புத்திராஜா டபுள். தலைவர் மாலையோடு எழுந்தார், சட்டைப் பையில் கைவிட்டார், குரக்கன் மாவைச் சிங்கத்தின் வாயில் போட்டார்.

"அம்மிக்கல்லு!" "றப்பர் செருப்பு!" "பெரிய தொரையோட மீசை!"

சிங்கம் முணுமுணுத்தது. சிவஞானம் வாழ்க்கையில் எத்தனையோ வேண்டுதல் வைத்தவர். இப்படி ஒன்று வைத்ததில்லை. சறுக்குடா சாமி, ஒரு எடத்துல சறுக்கு. மீசையையாவது மறந்திடு.

சிங்கம் சறுக்கவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மீசை உட்பட, மயிர் பிசகாமல் சொல்லி முடித்தது. கூரை அதிர்ந்தது. தலைவர் மட்டும் கைதட்டவில்லை. மாலைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் டபுளைத் தூக்கிக் காட்டினார். தாய்மார்கள் காசு எடுக்கச் சேலை முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். "நன்றியுரை, தலைவர் அவர்கள்!" என்று ஒலிவாங்கி சிவஞானத்தின் கைக்கு வந்தது.

சும்மா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். டீச்சர் முதுகில் குத்துகிறவர் இல்லை. பின்வரிசையில் பேசாமல் நின்றார். இத்தனை சனத்துக்கும் முதல் போத்தல் வாங்கிக் காட்டிய பெரிய மனிதர், தன் வாயால் தன்னையே முட்டாள் என்று சொல்வதா? அப்போது முன்வரிசையில் நிஷாந்தினியின் தலை மார்பில் விழுந்தது. மறுகணம் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, அப்பா பார்த்துவிட்டாரோ என்று பயந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டாள்.

"நான் குடுத்தது மருந்து இல்லீங்க" என்றார் சிவஞானம். ஒலிவாங்கி கூவியது. "எங்க வீட்டுக் குரக்கன் மாவு."

முன்வரிசைத் தாய்மார்கள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு அனுபவம் இருந்தது. சிரித்தார். "அதுதான் புத்திராஜாவின் மகிமை! முன்பு விழுங்கிய மருந்தின் சக்தி இன்னும் உடம்பில் ஓடுகிறது!"

"அப்ப ஏற்கனவே விழுங்கின புள்ளைகளுக்கும் அதே போதும்தானே?" என்று பின்னாலிருந்து லரீபா டீச்சர் கேட்டார். "டபுள் என்னத்துக்கு?"

முந்தானை முடிச்சுகள் அப்படியே நின்றன.

"யாராவது சுடுதண்ணி கொண்டு வாங்க" என்றார் டீச்சர்.

அதிபரின் அறையிலிருந்து கேத்தல் வந்தது. டாக்டர் விற்க வைத்திருந்த போத்தலிலிருந்தே ஒரு பிடி கப்சூலை எடுத்து, உடைத்துக் கிளாசில் கொட்டி, சுடுதண்ணி ஊற்றினார்கள். இமயமலை மூலிகை மெல்லச் சிவந்தது. வாசம் எழுந்தது. முன்வரிசை மூக்கை உறிஞ்சியது. இத்தனை நாள் பத்தியம் காத்த மூக்குகள் அல்லவா!

"ஐயோ, நம்ம தேயிலை டஸ்டு!" என்றாள் ஒருத்தி.

"அதுவும் கூட்டி அள்ளுன குப்பைத் தூளு!"

"பறிச்சதும் நாம, அரைச்சதும் நாம" என்றாள் பெரியாயி, வெறும் காதைத் தடவிக்கொண்டே. "காதுத் தோட்டை அடகு வச்சு முழுங்குனதும் நாம!"

தேத்தண்ணி ஏன் பத்தியம் என்று இப்போது எல்லோருக்கும் விளங்கியது. தினமும் குடித்தால், இரண்டும் ஒரே ருசி என்று ஏப்பம் காட்டிக் கொடுத்துவிடும்.

டாக்டர் வேனை நோக்கி நகர்ந்தார். வேனைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றார்கள். பத்து விரலாலும் நாள் முழுக்கக் கிள்ளிப் பழகிய கைகள் என்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, வாங்கிய காசையெல்லாம் மேசையில் வைத்தார்.

சிங்கம் மட்டும் கதிரையில் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றது. "பதுளை–கொழும்பு பஸ்ஸுல கண்டக்டரா இருந்தேன். நீங்க சொல்ற சாமானை பஸ் நிக்கிற ஒவ்வொரு ஹோல்டிங்ல ஏத்துவேன், அவ்வளவுதான். அம்மிக்கல்லு பதுளை ஸ்டேண்ட்ல ஏறிச்சு. செருப்பு ஹாலிஎலயில. தொரை மீசை தெமோதரையில கைகாட்டி நின்னுச்சு. கடைசி வரைக்கும் போய்ட்டு அதே ரோட்டுல திரும்பி வருவேன். தெனம் பழகுனா யாருக்கும் வரும்."

நிஷாந்தினி எழுந்து நின்றாள். "மாமா, நெசமாவே மாத்திர இல்லாமத்தான் செஞ்சீங்களா?"

"அத எவன் முழுங்குவான் பாப்பா? எனக்கு நெஞ்செரிச்சல். நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிடுவேன்." சிங்கம் கொஞ்சம் யோசித்தது. "இன்னைக்குத்தான் கரைஞ்சு போச்சு. மாவு நல்லாத்தான் இருந்துச்சு."

மிச்சமிருந்த புத்திராஜாவையெல்லாம் உடைத்துப் பெரிய அண்டாவில் கொதிக்க வைத்தார்கள். டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு ஊற்றிக் கொடுத்தார். சனம் வரிசையில் நின்று குடித்தது. சாயம் போதாது என்று எல்லோரும் குறை சொன்னார்கள்.

நிஷாந்தினி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். சிவஞானம் வாசலில் குந்திக்கொண்டு, றேடியோ போட்டவனை அதட்டினார், குரைத்த நாயைத் துரத்தினார், மாலையைக் கழற்ற மறந்து இருந்தார். விடிந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியும் அவள் எழும்பவில்லை. எழும்பியதும் கணிதப் புத்தகத்தை எடுத்தாள். பார்த்த பக்கத்தையே திரும்பப் பார்த்தாள். மூன்றாம் தரமும் பார்த்தாள். வராத கணக்கைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, டீச்சரைப் பிடிக்க ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் மக்குத்தனம் எதுவும் தெரியவில்லை.

அவள் போன கையோடு பக்கத்து லயத்துக் கங்காணி வந்து சிவஞானத்தின் காதருகே குனிந்தார்.

"தலைவரே, அந்த பஸ் வித்தை இருக்கே, நல்ல வித்தை. அதைச் சட்டுனு கத்துக்கிறதுக்கு ஏதும் குளுசை கெடைக்குமா?"

சிவஞானம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கு கங்காணி. ஒங்க ரெண்டு காதுக்கும் நடுவுலதான் இருக்கு. இன்னும் ஒறை பிரிக்காமலே வச்சிருக்கீங்க. ஒரு தடவ பிரிச்சுத்தான் பாருங்களேன்!"