காதுக்கும் பெட்டிக்கும் நடுவே

பின்பக்க அறையை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கைப்பற்றியே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் துணிச்சலில் பாதி நுரையோடு போய்விட்டது. மீதிப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல. லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். ஊரையே ஏற்றி இறக்கும் தன்னை வீட்டில் யாரும் ஏற்றிவைத்துப் பேசுவதில்லை என்ற மனக்குறை அவருக்கு நெடுநாளாக உண்டு. அந்தக் குறை தீரத்தான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களை மறுபடியும் பாட்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் தீப்பெட்டி அளவில் கிடைக்கும். லிஃப்ட்காரர் உதிரிப் பாகங்களாக வாங்கி, தானே சால்டரிங் பிடித்துக் கட்டினார். பெட்டி பாடியது. அதோடு விட்டிருக்கலாம். "பாடுது, ஆனா மூச்சு விட மாட்டேங்குது" என்று கெப்பாசிட்டர்களை மாற்றினார். மூச்சு விட்டது. "மூக்கால விடுது" என்று சிப்பை மாற்றினார். பிறகு அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பூசணிக்காய் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை உட்கார வைத்தார். எட்டு மாதத்தில், முதலில் கட்டிய பெட்டியில் மிச்சமிருந்தது நாலு திருகாணிதான். சாப்பாட்டு மேஜையில் சூடு பட்ட தழும்பு ஏழு.

இனி மேஜை போதாது, தனியறை வேண்டும் என்பது அவர் கட்சி. பின்பக்க அறைக்கு மட்டும்தான் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. ஆனால் அதன்மேல் மனைவிக்கும் ஒரு கண். வேலை முடிந்து வந்ததும் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் யார் தொந்தரவும் இல்லாமல் புத்தகம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

மனைவிக்கு வேலை காதுப் பரிசோதனை நிலையத்தில். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குக் காது மிஷின் மாட்டிவிடுவது அவள் உத்தியோகம். நாள் முழுக்கக் காது கேட்காதவர்களோடு பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து லிஃப்ட்காரரோடு பேசுவாள். வித்தியாசம் அதிகம் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட்காரருக்கு ஒரு ஜலதோஷம் பிடித்து, மூன்று நாள் காது அடைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் மனைவி கூப்பிட்டது நிஜமாகவே கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்து அலுத்து, எல்லா வேலையையும் அவளே செய்துகொண்டாள். ஜலதோஷம் நாலாம் நாள் போய்விட்டது. காதடைப்பை மட்டும் லிஃப்ட்காரர் போகவிடவில்லை. அன்றிலிருந்து 'குப்பை', 'துணி', 'கொஞ்சம் வாங்க' ஆகிய சொற்கள் அவர் காதில் விழுவதில்லை. 'சாப்பிட வாங்க' என்பது மட்டும் மூன்று சுவர் தாண்டியும் விழும். "ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே" என்று அவளும் பலமுறை சொல்லிவிட்டாள். அதுவும் காதில் விழாத பட்டியலில் சேர்ந்துகொண்டது.

"இங்க பாரும்மா, அந்த ரூம் எனக்கு வேணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"எதுக்கு?"

"பாட்டுக் கேக்க."

"ஹால்ல கேக்கறீங்களே, அது என்ன?"

"அது பாட்டு இல்ல. பாட்டும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து பாடற கச்சேரி. நான் பெட்டியில பாத்திருக்கற வேலைக்கு, பாடகி முதல் எழுத்தைச் சொல்றதுக்கு முன்னாடி உதடு பிரியற சத்தம்கூட கேக்குது. தெரியுமா?"

"உதடு பிரியறது கேக்குதா?"

"துல்லியமா."

"நேத்து மழை வருது, துணியை எடுங்கன்னு அஞ்சு தடவை கத்தினேன்."

லிஃப்ட்காரர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு இடது காதைத் தடவினார். "அது வேற ஃப்ரீக்வென்சிம்மா."

மனைவி கோபப்படவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். "சரி. சனிக்கிழமை மத்தியானம் எங்க நிலையத்துல யாரும் வர மாட்டாங்க. நீங்க வந்து மிஷின் முன்னாடி உக்காருங்க. மெல்லிசான சத்தமெல்லாம் உங்க காதுக்குக் கேக்குதுன்னு மிஷின் சொல்லிட்டா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

லிஃப்ட்காரருக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு சுலபமாக ஒரு அறை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் மொட்டை மாடியையும் சேர்த்துக் கேட்டிருப்பார்.

சனிக்கிழமை அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தடிமனான கதவைச் சாத்தினாள். உள்ளே அப்படி ஒரு அமைதி. பெட்டியை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிடலாமா என்று அவருக்கு நப்பாசை எட்டிப்பார்த்தது. காதில் ஹெட்ஃபோன். கையில் ஒரு பொத்தான். கண்ணாடிக்கு வெளியே மனைவி, வெள்ளைக் கோட்டில். வீட்டில் பார்க்கிற ஆள் மாதிரியே இல்லை.

"சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் அமுக்குங்க" என்றது ஹெட்ஃபோனில் அவள் குரல்.

கீச்சென்று ஒரு சத்தம். அமுக்கினார். அதைவிட மெல்லிதாக ஒன்று. அமுக்கினார். எறும்பு தும்மிய மாதிரி ஒன்று. அதற்கும் அமுக்கினார். லிஃப்ட் வராத கோபத்தில் நிற்கிறவனைப் போலக் கட்டைவிரலால் குத்தித் தள்ளினார். வெளியே மனைவி ஒவ்வொன்றையும் நிதானமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். அந்த நிதானத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரரின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

எறும்புத் தும்மல் கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அப்புறம் சமையலறையிலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அமுக்கினால் ஒன்பது வருஷ நிம்மதி போகிறது. அமுக்காவிட்டால் அறை போகிறது. அந்தக் குளிர்ந்த அறையில் லிஃப்ட்காரருக்கு வியர்த்தது.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் அல்ல. எட்டு மாதம் ஒலியோடு மல்லுக்கட்டியவர். மிருதங்கம் கீழே, கைத்தாளம் மேலே, பேச்சுக் குரல் நடுவே என்பது அவருக்கு அத்துப்படி. முடிவெடுத்துவிட்டார். மேலே வருகிற கீச்சுக்கெல்லாம் அமுக்கினார். கீழே வருகிற உறுமலுக்கெல்லாம் அமுக்கினார். நடுவே வந்த சத்தங்களுக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மனைவி தாளைக் காட்டினாள். இரண்டு பக்கமும் உச்சியில் ஓடிய கோடு, நடுவில் தடாலென்று பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியிருந்தது.

"இப்படி ஒரு பள்ளத்தை நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். அவள் குரல் கம்மியது. "சரியா என் குரல் இருக்கற இடம். பாவம், உங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்."

லிஃப்ட்காரருக்கு ஒரு நிமிஷம் மனசு சங்கடப்பட்டது. ஒரே ஒரு நிமிஷம். "பரவால்லம்மா. ரூம்?"

"உங்களுக்குத்தான். பள்ளம் தவிர மத்த இடமெல்லாம் பிரமாதமா கேக்குதே. ஆனா பள்ளத்தை அப்படியே விட முடியாது" என்றவள் கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு காது மிஷின்களை எடுத்தாள். அவர் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் இரண்டு காதிலும் மாட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. குப்பையை வெளியே வெக்கணும்."

குரல் இடி மாதிரி இறங்கியது. "குப்பையை வெளியே வெக்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"துணியை மடிக்கணும்."

"துணியை மடிக்கணும்."

"கூப்பிட்டா வரணும்."

"கூப்பிட்டா... வரணும்."

"நல்லா வேலை செய்யுது" என்றாள் மனைவி. "பதினஞ்சு நாள், தூங்கற நேரம், குளிக்கற நேரம் தவிர கழற்றக் கூடாது. மூளை இதுக்குப் பழகணும்."

"பதினஞ்சு நாளா?"

"புது கெப்பாசிட்டர் பழகவே இருநூறு மணி நேரம் ஓடணும்னு நீங்கதானே சொல்வீங்க? மூளை என்ன அதைவிட மட்டமா? இன்னொண்ணு, எத்தனை மணி நேரம் காதுல இருந்துச்சுன்னு அதுவே குறிச்சு வெச்சுக்கும். நான் கம்ப்யூட்டர்ல பாத்துடுவேன்."

அலுவலகம் போனதும் கழற்றிவிடலாம் என்று நினைத்திருந்த லிஃப்ட்காரர், நினைப்பை அங்கேயே கழற்றி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அறை கைக்கு வந்தது. நாற்காலியை நட்ட நடுவில் போட்டார். ஸ்பீக்கர்களை அளந்து வைத்தார். கதவைச் சாத்தி, பாட்டைப் போட்டு, கண்ணை மூடினார். உதடு பிரிவதற்காகக் காத்திருந்தார்.

தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது.

நாற்காலியை நகர்த்தினார். டப்பாவும் கூடவே நகர்ந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அதே டப்பா. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. காது மிஷின் என்பது என்ன? ஒரு மைக், ஒரு சிப், அதற்குள் ஒரு கன்வெர்ட்டர். ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கிப் பொறுக்கி எட்டு மாதம் இழைத்தவர், கடைசியில் எவனோ கட்டிய கடலைப்பருப்பு அளவுக் கன்வெர்ட்டர் வழியாகத்தான் அத்தனையையும் கேட்டாக வேண்டும்.

"இதை லேசாத் திறந்து, ஒரே ஒரு கெப்பாசிட்டரை மட்டும் மாத்திடட்டுமா?" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"கம்பெனி சீல் இருக்கு. கை வெக்கக் கூடாது" என்றாள். "அப்படியே அந்தத் துணியை எடுத்துட்டு வந்துடுங்க."

கேட்காமல் என்ன செய்யும்? போய் எடுத்துவந்தார். அந்த வாரம் முழுக்க அவள் சமையலறையில் முணுமுணுத்ததுகூட அவர் காதில் விழுந்தது. குப்பை வெளியே போனது. கிழிந்த திரைச்சீலை இறங்கியது. ஒன்பது வருஷமாக ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கொக்கி நின்றது.

மாடி வீட்டுப் பல் டாக்டர் ஒருநாள் சாயங்காலம் பாட்டுக் கேட்க வந்தார். போன மாதம் ஹாலில் கேட்டவர்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"போன தடவை மாதிரியேதான் சார் இருக்கு."

"நல்லாக் கேளுங்க. தகரம் மாதிரி இல்ல?"

டாக்டர் சங்கடத்தோடு நெளிந்தார். "போன தடவை மாதிரியேதான் சார் இருக்கு" என்றார் மறுபடியும். பல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள் என்று லிஃப்ட்காரர் அவரை வழியனுப்பி வைத்தார்.

பதினோராம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. பாட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நிஜமாகவே கண் கலங்கியது. அறை இருந்து என்ன, கதவு இருந்து என்ன? மனைவியோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவர், பாதி மடித்த தலையணை உறையை மடியில் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரும்மா. ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. அன்னிக்கு டெஸ்ட்ல நடுவுல வந்ததுக்கெல்லாம் வேணும்னேதான் அமுக்கல."

மனைவி தன் கையிலிருந்த துண்டை நாலாக மடித்து அடுக்கில் வைத்தாள். "சரி. இப்ப என்ன செய்யணும்?"

"இதைக் கழற்றிடு. ரூமை நீயே எடுத்துக்கோ. கூப்பிட்டா வரேன், குப்பையும் வெக்கறேன். பெட்டியை ஹால்லயே வெச்சுக்கறேன். ஃப்ரிட்ஜ் பாடினாலும் பரவால்ல. வெறுங்காதால என் கன்வெர்ட்டரை ஒரு தடவை கேட்டாப் போதும்."

"ரூம் நிச்சயமா எனக்கா?"

"நிச்சயமா."

அவள் எழுந்து வந்து இரண்டு மிஷின்களையும் கழற்றினாள். ஒன்றின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே பேட்டரி இல்லை, சிப் இல்லை, ஒரு ஒயர்கூட இல்லை. வெறும் பிளாஸ்டிக் கூடு.

"கண்ணாடி அலமாரியில பார்வைக்கு வெக்கறதுங்க. நல்லாக் கேக்கற காதுல நிஜ மிஷினை மாட்டினா என் வேலையே போயிடும்."

லிஃப்ட்காரர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உன் குரல் இடி மாதிரி கேட்டுச்சே?"

"பக்கத்துல நின்னு சத்தமாப் பேசினேன். வீட்டுக்கு வந்தப்புறம் நீங்க கவனிச்சீங்க, கேட்டுது."

"அப்ப பதினோரு நாளா அந்தத் தகர டப்பா சத்தம்?"

மனைவி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்க அறை வாசலுக்குப் போய், கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள்.

"அது உங்க பெட்டியோடதுங்க."