ஹாலில் மட்டும் கரண்ட்

இனிமேல் பகல் வேளையில் இந்த வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் கரண்ட் இருக்கும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் முடிவு செய்தேன். நானாக ஒரு முடிவு எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கடைசியாக எடுத்தது மீசையை எடுக்கும் முடிவு. மறுநாளே வளர்க்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து அறைகள், இரண்டே ஆட்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் நாலு வருஷம். நான் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம். என் மனைவி கடைசி அறையில் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறாள். நான் ஹாலில் சாய்வு நாற்காலியோடு. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாள். வந்ததும் முதுகு வலி என்று படுத்துவிடுவாள். பகலில் நாங்கள் பேசிக்கொள்வது செல்போன் வழியாக.

“சாப்பாடு மேஜை மேல.”

“நீ?”

“அப்புறம்.”

அன்றைய வசனம் அவ்வளவுதான். சில நாள் அந்த ‘அப்புறம்’கூட வராது. கட்டைவிரல் படம் வரும்.

ஒரு நாள் தபால்காரர் வந்து பெயர் கேட்டார். எனக்குக் குரலே எழும்பவில்லை. தொண்டையைச் செருமிச் சரிசெய்து, பெயரைச் சொல்லி, அப்படியே மழையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் தெருமுனை தாண்டிவிட்டார். மழையைப் பற்றிய அந்த நாலு வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரம் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. என் மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே ஹாலுக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொன்னாள். நடுவில் சிரித்தாள். மூன்றாவது குட்டியின் நிறம் என்ன என்று சொல்ல வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. சொல்லாமலே எழுந்து போய்விட்டாள். ஏழு மாதத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் கரண்ட் போனதுதான்.

இந்த நிலையில்தான் சமையலறை சுவிட்சிலிருந்து பொறி பறந்தது. என் மனைவியே போன் போட்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். நாற்பது வயதுக்காரர். காதில் பென்சில், சட்டைப் பையில் டெஸ்டர். என் மனைவியோடு அரை மணி நேரம் அறை அறையாகச் சுற்றிவிட்டு மெயின் போர்டுக்கு வந்தார். திறந்தார். உடனே மூடினார்.

“யார் சார் இந்த வயரிங் பண்ணது?”

“என் மாமனார் காலத்துல பண்ணது.”

“அவர் இப்ப இருக்காரா?”

“இல்லை.”

“தப்பிச்சாரு.” மறுபடி மெதுவாகத் திறந்தார். “இதைத் தொட்டா நான் போயிடுவேன். தொடாம விட்டா நீங்க போயிடுவீங்க. வீடு முழுக்க புது வயர் இழுக்கணும் சார். ரூம் ரூமா செஞ்சுடறேன். ஒரு ரூம்ல வேலை நடக்கறப்ப மத்த ரூமுக்கெல்லாம் கரண்ட் இருக்கும்.”

அப்போதுதான் எனக்கு மூளையில் பொறி பறந்தது. அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ரூம் ரூமா வேண்டாம். எல்லா ரூமையும் ஒரேயடியா கட் பண்ணிடுங்க. பகல்ல ஹாலுக்கு மட்டும் கரண்ட் இருக்கட்டும்.”

“எதுக்கு சார்?”

“ஒரு காரணமாத்தான்.”

“காரணம் தெரியாம நான் ஃபியூஸைப் புடுங்க மாட்டேன் சார். தொழில் தர்மம்.”

சொல்ல வேண்டியதாகிவிட்டது. அறிமுகமில்லாத ஒரு மனிதரிடம், காலைப் பத்து மணிக்கு, செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டு.

“அவ என்கிட்ட வந்து உக்காரணும். கரண்ட் இருக்கற இடத்துக்குத்தானே மெஷின் வரும்? மெஷின் வந்தா அவளும் வருவா இல்லையா?”

அவர் டெஸ்டரை எடுத்து அதன் நுனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கம்ப்ளெயிண்ட் வந்ததில்ல சார்.”

“முடியுமா முடியாதா?”

“எர்த் சரியில்லன்னு சொல்லிடறேன். எர்த்னு சொன்னா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ராத்திரிக்கு மட்டும் ஃபேன் ஓடற மாதிரி ஒரு டெம்பரரி லைன் குடுத்துடறேன்.”

நான் அவர் கையைக் குலுக்கினேன். கொஞ்சம் அதிக நேரமே குலுக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போனார்.

என் மனைவி கடைசி அறையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் போய்ப் பேசிவிட்டு வந்ததும் மெஷின் நின்றது. பிறகு கத்தரிக்கோலோடு ஹாலுக்கு வந்தாள்.

“எர்த் சரியில்லையாமே?”

“சுத்தமா சரியில்லை,” என்றேன். எர்த் என்றால் என்னவென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஹால்ல மட்டும்தான் கரண்ட் இருக்குமாம்.”

“ஆமா. என்ன பண்றது? உன் உயிர் முக்கியமில்லையா?”

“எத்தனை நாளைக்கு?”

“பத்து நாள். கூடினாலும் கூடும்.”

“சரி, நடக்கட்டும்,” என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டேன். சாய்வு நாற்காலியைத் திருப்பி, எதிரே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டேன். பேச்சு நடுவில் அறுந்துவிடக்கூடாதே என்று பேச வேண்டிய விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது குட்டியின் நிறம். என் முழங்கால் வலி. மகள் போன் பண்ணினால் ஏன் என்னோடு பேசாமல் நேரே அம்மாவைக் கேட்கிறாள். மழை.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். அவளோடு தையல் மெஷின் வந்தது. துணி வெட்டும் மேஜை வந்தது. இஸ்திரிப்பெட்டி, நூல்கண்டு டப்பாக்கள், தலையில்லாத ஒரு பெண் பொம்மை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி பதினாலு மூட்டை. எதிரே போட்ட நாற்காலியில் மூன்று மூட்டையை ஏற்றினாள். எலக்ட்ரீஷியன் என் சாய்வு நாற்காலியை மடக்கிக் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிஷத்தில் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“ஏங்க, கொஞ்சம் உள்ள இருங்களேன். அளவு எடுக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஆறு மணி வரைக்கும் யாராவது வந்துட்டேதான் இருப்பாங்க.”

ஆக, நான் கடைசி அறைக்குப் போனேன். விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. செல்போனில் சார்ஜும் இல்லை. ஏற்ற வேண்டுமானால் ஹாலுக்குத்தான் போக வேண்டும். ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்புத்தான். பூனைக்குட்டி கதையை அந்தப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது குட்டியின் நிறத்தைச் சொல்லும்போது பாழாய்ப்போன மிக்சி ஒன்று பக்கத்து வீட்டில் ஓடியது.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதேதான். மத்தியானம் தட்டில் சோறு வரும். எலக்ட்ரீஷியன்தான் கொண்டுவந்து வைப்பார். “சாப்பிடுங்க சார்” என்பார். என் மனைவி சொன்ன ‘சாப்பாடு மேஜை மேல’ என்ற மூன்று வார்த்தைக்கு ஏங்கினேன் என்றால் நம்புவீர்களா? ஏங்கினேன்.

மூன்றாம் நாள் இருட்டு பழகி, அந்த அறையே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவளுடைய முக்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். முகத்துக்கு நேரே சுவர், ஒரு முழம் தூரத்தில். ஜன்னலைத் திறந்தால் அங்கேயும் மதில் சுவர். மேலே ஒரு குண்டு பல்பு, புகை பிடித்தது போல. இந்த இடத்தில்தான் நாலு வருஷமாக ஊசியில் நூல் கோர்த்திருக்கிறாள்.

மகள் போன புதிதில் அவள் கேட்டாள், மெஷினை ஹாலில் போட்டுக்கொள்கிறேனே என்று. நான் சம்மதிக்கவில்லை. ஹால் என்றால் நாலு பேர் வந்து உட்காரும் இடம் என்று சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இன்றுவரை வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஹாலில் தனியாக இருந்ததை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் இங்கே தனியாக இருந்தாள் என்பது என் கணக்கிலேயே வரவில்லை.

எழுந்து நேரே எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஹாலில் ஏணிமேல் நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி துணியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

“போதுங்க. எல்லா ரூமுக்கும் கரண்ட் குடுத்துடுங்க. நம்ம திட்டம் கேன்சல்.”

“அந்த ரூமெல்லாம் நேத்தே முடிஞ்சுது சார். சுவிட்ச் போட்டா எரியும்.”

“நேத்தேவா? அப்ப நான் ஏன் இருட்டுல உக்காந்திருந்தேன்?”

“நீங்க சுவிட்ச் போட்டுப் பாக்கலையே சார்.”

பேச்சை மாற்றினேன். “பத்து நாளாவது ஆகும்னு நினைச்சேனே?”

“வேலை முக்காவாசி இந்த ஹால்லதான்.” பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். துணி வெட்டும்போது அளவு வரையும் காகிதம். என் மனைவியின் சாக்பீஸ் எழுத்து. ஹால் முழுவதையும் வரைந்திருந்தாள். மெஷினுக்கு ஒரு பாயிண்ட், இஸ்திரிப்பெட்டிக்குப் பெரிய பாயிண்ட், வெட்டும் மேஜைக்கு மேலே டியூப்லைட், வாசலில் காலிங் பெல். என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

“இதை எப்ப குடுத்தா?”

“நீங்க என்னை வாசலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாங்க. உங்களை எப்படி ஹால்லேருந்து எழுப்பறதுன்னுதான் தெரியலன்னாங்க. அப்புறம் நீங்க சொன்ன யோசனையைப் போய்ச் சொன்னேன். அவர் சொன்னபடியே செய்யுங்கன்னுட்டாங்க.”

“தொழில் தர்மம்னு சொன்னீங்களே!”

“வேலைக்குக் கூப்பிட்டது அக்கா சார். அவங்ககிட்ட மறைச்சா அதுதான் தர்மமில்ல.”

“காரணத்தையுமா சொன்னீங்க?”

“அதையும்தான். அப்புறம் பிளான்ல இல்லாத ஒரு லைட் போடச் சொன்னாங்க. தோ, அது.”

மெஷினுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு நாற்காலிக்கு நேர்மேலே, புது விளக்கு. என் கண் கலங்கிவிட்டது. ஏணியைப் பிடிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

என் மனைவி உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“வாயால கேட்டிருக்கலாமே, வந்து உக்காருன்னு?”

“கேட்டா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

சிரித்தாள். எனக்காகவே சிரித்தாள். அந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டாள். பளிச்சென்று எரிந்தது. நான் துண்டுச் சீட்டை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கிப் படித்தாள்.

“முழங்கால் வலின்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா, அதுலேருந்து ஆரம்பிக்கலாமா?”

“பட்டன் தைக்க முழங்கால் வேண்டாம்.” மடியில் ஒரு டப்பாவை வைத்தாள். “இருநூறு சட்டை, சட்டைக்கு ஆறு பட்டன். நூல் கோர்க்க வெளிச்சம் போதுமா?”

“அப்ப இந்த லைட்டு இதுக்குத்தானா? நாம பேசறதெல்லாம்?”

“மெஷின் நிக்கறப்ப பேசலாமே,” என்று சொல்லிவிட்டு ஓட்ட ஆரம்பித்தாள்.

பாதகமில்லை என்று தேற்றிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கரண்ட் போகாமலா இருக்கும்? மெஷின் நிற்கும். மூன்றாவது குட்டியின் நிறமாவது தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையோடு ஊசியை எடுத்து, மெஷின் சத்தத்துக்கு மேலே எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

“அடுத்தது எப்பங்க கரண்ட் போகும்?”

“கவலையே படாதீங்க சார்,” என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. “அக்கா மெஷினுக்கு இன்வெர்ட்டர் போட்டாச்சு.”